வயலை விற்று அமெரிக்கா போகலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எங்கள் ஊர் கிளிநொச்சி, முரசுமோட்டை. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தேன். மொறட்டுவவுக்கு வெட்டுப்புள்ளி காணாது, வவுனியா கம்பசில் கணினி விஞ்ஞானம் கிடைக்கும் என்று ரீச்சர் சொல்கிறா. யாழ்ப்பாணத்தில் ஒரு ஏஜென்சி அமெரிக்காவில் மூன்று பல்கலைக்கழகங்களைக் காட்டியது. முதலாவது வாஷிங்டன் பல்கலைக்கழகம். இரண்டாவது ஒரு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம். வருடச் செலவு 48,000 டொலர், அதில் 16,000 டொலர் புலமைப்பரிசில் தருவார்களாம். மூன்றாவதில் போன நாளிலிருந்தே வெளியில் வேலை செய்யலாமாம். இரணைமடுத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் வயலை விற்றால் 60 இலட்சம் வரும் என்கிறார் அப்பா. மிச்சத்தைத் தான் பார்ப்பதாகக் கனடா மாமா சொல்கிறார். பாஸ்போட்டையும் மூலச் சான்றிதழ்களையும் ஏஜென்சியில் கொடுத்துவிட்டோம். மூன்றில் எது நல்லது?

பதில்: தங்கச்சி, மூன்றுமே உங்களுக்குச் சரிவராது. அதற்காக அமெரிக்கா சரிவராது என்று நான் சொல்லவில்லை.

முதலில் அந்த 16,000 டொலரைப் பார்ப்போம். 48,000இல் அதைக் கழித்தால் வருடத்துக்கு 32,000 டொலர் உங்கள் தலையில். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 96 இலட்சம். நான்கு வருடத்துக்கு 3 கோடியே 84 இலட்சம். அப்பாவின் வயல் போன பிறகும் முதல் வருடத்தின் இரண்டாம் தவணைக்குக் காசு காணாது. இதைப் புலமைப்பரிசில் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலையை ஏற்றிவிட்டுக் கழிவு கொடுக்கிற கணக்கு இது. டொலர் இதே இடத்தில் நிற்கும் என்றும் நம்ப வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்தது மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அப்போது வெளிநாட்டில் பிள்ளைகள் படித்த வீடுகளில் என்ன பாடு பட்டார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

மாமாவின் வாக்கை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் 'மிச்சத்தைப் பார்க்கிறேன்' என்பது ஒரு தொகை இல்லை. ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஒவ்வொரு ஜனவரியிலும் எத்தனை டொலர், எத்தனை வருடத்துக்கு என்று அம்மாவைக் கொண்டு கேட்கச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். மாணவர் விசாவுக்காகக் கம்பஸ் தரும் ஐ-20 படிவத்திலும் அதைத்தான் கேட்கிறார்கள்: ஒரு பக்கத்தில் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும், மறுபக்கத்தில் சொந்தக் காசு எவ்வளவு, கம்பஸ் தருவது எவ்வளவு, வேறு ஆட்கள் தருவது எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். கொழும்புத் தூதரகத்தில் விசா அதிகாரி கேட்பதும் அந்தக் கணக்கைத்தான். யாரிடமாவது காசு மாறி ஒரு மாதத்துக்கு வங்கியில் போட்டுக் காட்டலாம் என்று ஏஜென்சி சொன்னால் அந்த வாசலையே மிதிக்காதீர்கள்.

சரி, பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். வாஷிங்டன் என்ற பெயரோடு அங்கே பல இருக்கின்றன. சியாட்டிலில் ஒன்று, புல்மனில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம், செயின்ற் லூயிசில் ஒன்று, தலைநகரில் ஜோர்ஜ் வாஷிங்டன். எது என்று ஏஜென்சி உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. சியாட்டிலில் உள்ளதுதான் என்றால், கணினிக்கு அது உண்மையிலேயே பெரிய இடம். ஆனால் இளமாணி, அதாவது முதல் பட்டம், படிக்க வரும் வெளிநாட்டு மாணவருக்கு அங்கே நிதியுதவி இல்லை. வருடச் செலவு 60,000 டொலரைத் தாண்டும். இன்னொரு சங்கதியும் உண்டு. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது வேறு, அங்கே கணினித் துறையில் இடம் கிடைப்பது வேறு. விண்ணப்பிக்கும்போதே அந்தத் துறைக்கு எடுபடாவிட்டால், வேறு பாடத்தில் சேர்ந்துவிட்டுப் பிறகு மாறுவது மிகக் கடினம். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதே நிலைதான். அதனால் எந்த இடத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்தாலும் எந்தத் துறைக்கு என்பதை முதலில் பாருங்கள்.

மூன்றாவதைப் பற்றிக் கதைக்கவே எனக்குப் பயம். மாணவர் விசாவில் போகும் இளமாணி மாணவர் முதல் வருடம் கம்பசுக்கு வெளியே வேலை செய்ய முடியாது. கம்பசுக்குள் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை செய்யலாம். அது சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் உதவும், கட்டணத்துக்குக் காணாது. தெரிந்தவரின் பெற்றோல் செட்டில் நிற்கலாம் என்பதெல்லாம் விசாவை இழக்கிற வழி. மிச்சிகனில் பார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. குடிவரவு அதிகாரிகளே கண்ணி வைத்து நடத்திய போலி அது. 2019 ஜனவரியில் வெளியே வந்தபோது மாட்டுப்பட்ட நூற்றுக்கணக்கானவர்களில் பெரும்பாலானோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். அரசாங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில்கூட அதன் பெயர் இருந்தது! ஆகவே பட்டியலில் இருக்கிறது என்று ஏஜென்சி சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். இந்தத் தவணையின் நேரசூசி எங்கே, தரவுக் கட்டமைப்புகள், இயங்குதளம் எல்லாம் யார் படிப்பிக்கிறார்கள், அவர்கள் எங்கே படித்தவர்கள் என்று கேளுங்கள். உண்மையான கம்பஸ் என்றால் இதையெல்லாம் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

அப்போ எங்கே விண்ணப்பிப்பது? உங்கள் நிலையில் உள்ள பிள்ளை தரவரிசையைப் பார்ப்பதற்கு முன், வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பார்த்து முழு உதவி தரும் இடம் எது என்று பார்க்க வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், அம்ஹெர்ஸ்ட், பௌடின் போன்றவை வசதியைப் பார்க்காமலே தெரிவு செய்கின்றன. தெரிவானவருக்குத் தேவையான முழு உதவியையும் கொடுக்கின்றன. நூறு பேர் விண்ணப்பித்தால் மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள். ஒன்றிரண்டுக்குப் போட்டுப் பாருங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. அங்கே பெண்களுக்கென்றே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. வெல்லெஸ்லி, ஸ்மித் இரண்டும் அப்படி. விண்ணப்பத்தில் உதவி கேட்டால் அதையும் யோசித்துத்தான் எடுப்பார்கள். ஆனால் எடுத்தால் தேவையான உதவியை முழுதாகத் தருவார்கள். சின்னக் கல்லூரியில் என்ன பெரிய கணினிப் படிப்பு என்று மாமா கேட்பார். வெல்லெஸ்லி மாணவி எம்.ஐ.டி.யில் போய் வகுப்பு எடுக்கலாம். ஸ்மித் மாணவிக்கு அம்ஹெர்ஸ்டிலும், கணினித் துறையில் பெயரெடுத்த மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தின் அம்ஹெர்ஸ்ட் வளாகத்திலும் வகுப்புகள் திறந்திருக்கும். ஐந்து நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் ஏற்பாடு அது. பெரிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்ட மாணவர்கள் நிறைந்திருப்பார்கள். சின்னக் கல்லூரியில் அவர்கள் இல்லை, அதனால் ஆய்வுக்கு இளமாணிப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். பெண் பிள்ளையைத் தனியே விடுவதா என்று அம்மா தயங்கினால் உடுவில் மகளிர் கல்லூரியைச் சொல்லுங்கள். அமெரிக்க மிஷனரிமார் 1824இல் தொடங்கிய விடுதிப் பள்ளிக்கூடம் அது. நமக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை.

கென்டக்கியில் பெரியா என்று ஒரு கல்லூரியும் இருக்கிறது. எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. எல்லோரும் கல்லூரியிலேயே வேலை செய்ய வேண்டும். கணினிப் பாடமும் உண்டு. வெளிநாட்டவரைச் சிறு தொகையாகத்தான் எடுப்பார்கள், இருந்தாலும் உங்கள் பட்டியலில் அது இருக்கட்டும்.

நிதியுதவிப் படிவம் மாதச் சம்பளக்காரருக்காகச் செய்தது போலத்தான் இருக்கும். அப்பாவுக்குச் சம்பளத் துண்டு இல்லையே என்று பயப்படாதீர்கள். காலபோகத்தில் எத்தனை மூட்டை, சிறுபோகத்தில் எத்தனை, என்ன விலைக்குப் போனது, உரத்துக்கும் உழவுக்கும் வெட்டுக்கும் எவ்வளவு போனது என்று ஒரு கொப்பியில் இரண்டு வருடக் கணக்கை எழுதுங்கள். அதை ஒரு பக்கக் கடிதமாக ஆங்கிலத்தில் ஆக்கி, கிராம சேவையாளரின் கடிதத்தோடு இணையுங்கள். வயலையும் மறைக்காமல் எழுதுங்கள். உதவி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சொத்தை மறைத்தால், தெரிய வரும் நாளில் இடமே போய்விடும்.

காலத்தையும் கவனியுங்கள். பெரும்பாலான இடங்களுக்கு விண்ணப்பம் நவம்பரிலும் ஜனவரி தொடக்கத்திலும் முடியும். இப்போது பல இடங்கள் சற் (SAT) என்ற நுழைவுப் பரீட்சையை மறுபடியும் கேட்கின்றன, எம்.ஐ.டி., ஹார்வர்ட், டார்ட்மத் கேட்கின்றன. அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டி வரும், யாழ்தேவியில் ஏறினால் சரி. இன்னொன்று, வவுனியாவில் ஒரு வருடம் படித்துவிட்டால் பல கல்லூரிகள் உங்களை முதலாம் ஆண்டு விண்ணப்பதாரியாக எடுக்காது, மாற்றல் மாணவி என்று சொல்லும். மாற்றல் மாணவிக்கு உதவி குறைவு. எனவே விண்ணப்பிப்பது என்றால் இந்த முறையே விண்ணப்பியுங்கள். கொழும்பில் அமெரிக்க-இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். ஏஜென்சிக்குக் கொடுக்கும் காசை சற் பரீட்சைக்குக் கட்டலாம்.

முழு உதவியோடு ஒன்றும் வராவிட்டால் பம்பைமடுவில் இருக்கும் வவுனியா கம்பசுக்கே போங்கள். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. புதிது என்பதற்காக யாராவது முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்காமல் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் செய்யுங்கள், கடைசி வருட ஆய்வை விளையாட்டாக எடுக்காதீர்கள். அப்புறம் அமெரிக்காவில் நேரே கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். கணினித் துறையில் நல்ல இடங்கள் கலாநிதிப் பட்ட மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ மாதப் படியும் தருகின்றன. தரவரிசை உதவுவதும் அப்போதுதான், அதுவும் எந்தத் துறையில் யார் ஆய்வு செய்கிறார் என்று பார்ப்பதற்கு. முதுமாணிக்குப் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும். வேலை செய்துகொண்டே படிக்க நினைத்தால் ஜோர்ஜியா டெக் இணையவழியில் நடத்தும் கணினி முதுமாணிப் பட்டம் முழுவதும் 10,000 டொலருக்குள் முடியும். கிளிநொச்சியில் இருந்தே படிக்கலாம், விசா தேவையில்லை.

படித்து முடித்தால் கிறீன் காட் என்று ஏஜென்சி சொல்லியிருக்கும். கணினிப் பட்டத்துக்குப் பிறகு 12 மாதமும், நீட்டிப்பாக 24 மாதமும் அங்கே வேலை செய்யலாம். அதற்கு மேல் எச்-1பி என்ற வேலை விசா வேண்டும். வருடத்துக்கு 85,000 இடம்தான், குலுக்கல் வேறு. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டொலர் கட்டணம் என்றும் அறிவித்தார்கள். நீங்கள் பட்டம் முடிக்கும்போது என்ன சட்டம் இருக்கும் என்பது ஏஜென்சிக்கும் தெரியாது.

இந்தக் கிழமையே அப்பாவோடு யாழ்ப்பாணம் போய்ப் பாஸ்போட்டையும் மூலச் சான்றிதழ்களையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். பிரதிதான் கொடுக்கலாம், மூலம் யாரிடமும் இருக்கக் கூடாது. தர இழுத்தடித்தால் பொலிசில் முறையிடப் போவதாகச் சொல்லுங்கள், சொன்னபடி போகவும் தயங்காதீர்கள்.