கணினி விஞ்ஞானம் படித்தவர் நிர்ப்பீடனவியல் (உடம்பின் நோயெதிர்ப்பை ஆராயும் துறை) குழுவில் போஸ்ட் டொக் (கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வாளர்) ஆகலாமா? ஆய்வுகூட வேலை தெரியாமல் காலம் தள்ள முடியுமா?

ஆகலாம். உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. கலாநிதிப் பட்டத்தை அண்மையில் முடித்திருப்பீர்கள், பைதன் கைவந்திருக்கும், திரவத்தை அளந்து எடுக்கும் பிபெட்டைத் தொட்டிருக்க மாட்டீர்கள். நானும் அப்படித்தான் போனேன்.

நான் திருகோணமலைக்காரன். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது நண்பனின் தங்கை ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் நாங்கள் நிம்மதியடைந்தோம். தாதியோ அதன் பிறகுதான் அடிக்கடி வந்து நாடி பார்த்தார். காய்ச்சல் விடும் வேளையில்தான் குருதிக் குழாய்களிலிருந்து குருதியின் நீர்ப்பகுதியான திரவவிழையம் கசியும் என்று அவர்தான் சொன்னார். பிள்ளை பிழைத்துவிட்டாள். வைரஸ் குறையும் நேரத்தில் உடம்பு ஏன் மோசமாகிறது என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. கணினியோடு இருந்தவன் இந்தத் துறைக்கு வந்தது அப்படித்தான்.

போஸ்ட் டொக் வெளிநாட்டில். டெங்கு நோயாளிகளின் வெண்குருதிக் கலங்களை ஒவ்வொன்றாக எண்ணெயில் மிதக்கும் நுண்துளிகளுக்குள் அடைத்து, எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும் ஆர்என்ஏவில் ஒரு துளிக்கு ஒரு பார்கோடு (அடையாளக் குறி) என்று ஒட்டி, அதன் எழுத்து வரிசையைப் படிப்பார்கள். எனக்குக் கோப்புகள் மட்டும் வரும். டி கலமும் பி கலமும் இருவேறு வெண்குருதிக் கலங்கள். ஒரு தொகுதியில் டி கலத்தின் அடையாளமான சிடி3யும் பி கலத்தின் அடையாளமான சிடி19உம் ஒரே பார்கோட்டின் கீழ் வந்தன. ஒன்றிரண்டல்ல, ஒரு கூட்டமே. புதிய கலவகை என்று நம்பி மூன்று மாதம் உழைத்தேன்.

குழுக் கூட்டத்தில் படத்தைக் காட்டியபோது, மாதிரிகளைத் தயாரிக்கும் தொழில்நுட்பவியலாளர் கேட்டார்: "அன்று கருவியில் எத்தனை கலங்களை ஏற்றினோம் என்று பார்த்தீர்களா?" தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து விரித்தார். பென்சிலால் எழுதியிருந்தது: மாதிரி தாமதம், கலங்கள் கட்டிபட்டிருக்கின்றன, வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏற்றப்பட்டது. ஏற்றுவது கூடினால் ஒரே துளிக்குள் இரண்டு கலங்கள் விழுவதும் கூடும். திரும்பிப் போய்ப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் ஆர்என்ஏ எண்ணிக்கை மற்றவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு. மறுநாள் அவர் என்னை நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார். இரண்டு கலங்கள் தோளோடு தோள் ஒட்டிக் கிடந்தன.

இப்படி ஒரே துளிக்குள் விழுந்த இரட்டைகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறதே என்று சிலர் எழுதுவீர்கள். இருக்கிறது, நானும் ஓட்டினேன். எத்தனை விழுக்காடு இரட்டைகள் வரும் என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். அந்த எண் ஏற்றிய அளவிலிருந்து வருவது. அதில் ஏற்கெனவே இருந்த எண்ணை நான் மாற்றவேயில்லை. போதாததற்கு, டெங்குவில் டி கலமும் மொனோசைட் என்ற இன்னொரு வெண்குருதிக் கலமும் உடம்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. எது தவறு, எது நோயின் கூறு என்பதைக் கோப்பு மட்டும் சொல்லாது.

நீங்கள் பிபெட் நிபுணராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதல் மாதம் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், குறிப்பேட்டை வாசியுங்கள். இன்னொன்று: ஒப்பந்தம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுதான். சேர்வதற்கு முன்பே கட்டுரையில் உங்கள் பெயர் எங்கே வரும் என்று கேட்டுவிடுங்கள். பகுப்பாய்வு முழுவதையும் செய்த எனக்கு ஆசிரியர் பெயர் வரிசையின் நடுவில்தான் இடம் கிடைத்தது. குறிப்பேடு வைத்திருந்தவரின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய எங்கள் உயர்தர வகுப்பில் உயிரியல் எடுத்தால் பெரும்பாலும் இணைந்த கணிதம் போய்விடுகிறது. கணிதம் எடுத்தால் உயிரியல் போய்விடுகிறது. பதினாறு, பதினேழு வயதில் பிள்ளையை இரண்டாகக் கிழித்துவிட்டு, பிறகு இரண்டும் தெரிந்தவர் வேண்டும் என்கிறோம். கலத்தைப் பற்றி நான் முறையாகப் படித்தது முப்பது வயதுக்கு அருகில். திருகோணமலை உவர்மலையில் என் அக்காவின் மகள் இப்போது அந்த இடத்தில் நிற்கிறாள். இரண்டும் பிடிக்கும் என்கிறாள்.