பானை ஓடு கிடந்தால் அது குயவர் ஊரா?

கேள்வி: ஆண்டீஸ் மலைப்பகுதியில் எங்கே தோண்டினாலும் பானை ஓடு கிடைக்கிறதே, ஓர் ஊரை மட்டும் 'குயவர் ஊர்' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நியாயமான சந்தேகம். ஓடு கிடந்தால் அங்கே யாரோ சமைத்தார்கள், குடித்தார்கள், போட்டு உடைத்தார்கள் என்றுதான் தெரியும். வனைந்தார்கள் என்று சொல்ல வேறு சாட்சி வேண்டும். நான் அதிகம் படித்த ஊரை வைத்தே சொல்கிறேன்: பெரு நாட்டில், அயகூச்சோ நகரை ஒட்டிய கொஞ்சோபாட்டா. ஏறத்தாழ கி.பி. 600 முதல் 1000 வரை, இன்காக்களுக்கு முந்தைய வாரி அரசு ஓங்கியிருந்த காலத்து ஊர்.

சக்கரத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஸ்பானியர் வரும்வரை அங்கே குயவர் சக்கரமே கிடையாது. கிடைப்பதெல்லாம் சின்னச் சின்னப் பொருள்கள்தான்: முகம் பதிக்கும் மண் அச்சு, பானையைத் தேய்த்து மெருகேற்றிய கூழாங்கல், சுடும்போதே கோணிப்போன பானையின் துண்டு.

எனக்கு இவற்றில் பிடித்தது ஓட்டாஞ்சில்லு. உடைந்த பானைத் துண்டைக் கையில் அடங்கும் அளவுக்கு ஒடித்து, காயாத பானையின் சுவரைச் சுரண்டி மெல்லிசாக்கியிருக்கிறார்கள். சாதாரண ஓடு உடைந்த இடத்தில் சொரசொரப்பாக இருக்கும். இதிலோ ஒரு விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும்; விரலால் தடவினாலே தெரிந்துவிடும். தோண்டியெடுத்த ஓடுகளைக் கழுவுகிறவர் அவசரத்தில் இதையும் சாதாரண ஓட்டு மூட்டையோடு சேர்த்துப் போட்டுவிட்டால், போச்சு, அதுவும் வெறும் ஓடுதான்.

அப்புறம் இந்த ஊரில் ஓட்டுக் குவியலை நம்பவே கூடாது. 1942இல் பெரு நாட்டுத் தொல்லியலாளர் ஹூலியோ தெயோ இங்கே தோண்டியபோது, சாமி உருவம் தீட்டிய பிரம்மாண்டமான தாழிகள் சுக்கல் சுக்கலாகக் கிடந்தன. 1977இல் இன்னொரு குவியல் வெளிப்பட்டது. கைதவறி உடைந்தவை அல்ல. சடங்குக்காக வேண்டுமென்றே உடைத்துப் புதைத்தவை. சில ஜாடிகளில் உருவத்தின் முகத்தையும் மார்பையும் குறிபார்த்தே அடித்திருக்கிறார்கள். இவ்வளவு மெனக்கெட்டு வனைந்து, வண்ணம் தீட்டி, சுட்டதை இப்படி உடைக்க எப்படி மனசு வந்ததோ! ஆக, ஓடு எவ்வளவு கிடந்தாலும் கணக்கில்லை. தேய்ந்த அந்த ஒரு விளிம்புதான் சாட்சி.

சரி, மொத்த ஊரையும் தோண்டிப் பார்த்துவிடலாமே என்றால், அதற்கும் வழியில்லை. விமான நிலையமும் சாலையும் வீடுகளும் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன.