ரெண்டு ஏக்கர் ராகிக்கு எத்தனை மூட்டை?

கேள்வி: பென்னாகரம் பக்கத்துல மானாவாரி நிலம் ரெண்டு ஏக்கர். ஆடியில ராகி விதைக்கணும். பக்கத்துக் கொல்லைக்காரர் ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி உரம் போடுறார், நாமளும் போடுவோம்னு வீட்டுக்காரர் சொல்றார். கடையில ரெண்டு மூட்டை கடனாத் தர்றாங்க. அறுப்பு முடிஞ்சு மூட்டைக்கு 1,500 ரூபாயாக் குடுக்கணும். போன வருசம் மழை ஏமாத்திருச்சு, போட்டதெல்லாம் வீண். வாங்கலாமா?

பதில்: ஒரு மூட்டை வாங்குங்கள் அம்மா, ரொக்கமாக. இரண்டாவது மூட்டை வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், வீட்டுக்காரரிடம் காட்டத் தோதாக இருக்கும்.

டிஏபி மூட்டையில் 18-46 என்று அச்சடித்திருப்பார்கள். 50 கிலோவில் 9 கிலோ தழைச்சத்து, 23 கிலோ மணிச்சத்து என்று அர்த்தம். மானாவாரி ராகிக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 40:20:20. அதாவது ஏக்கருக்குத் தழைச்சத்து 16 கிலோ, மணிச்சத்து 8, சாம்பல்சத்து 8. உங்கள் ரெண்டு ஏக்கருக்கும் சேர்த்து மணிச்சத்து 16 கிலோ போதும். 35 கிலோ டிஏபியிலேயே அது வந்துவிடும்.

ரெண்டு மூட்டையையும் கொட்டினால் மணிச்சத்து 46 கிலோ, தேவையைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் தழைச்சத்து 18 கிலோதான், வேண்டியது 32. சாம்பல்சத்து ஒரு பொட்டும் இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரருக்குக் கிணறு இருக்கிறதா, முந்தின போகம் என்ன வைத்தார், எதுவும் தெரியாமல் அவர் மூட்டையை எண்ணி நாம் வாங்குவதால் வருகிற கோளாறு இது.

மீதித் தழைச்சத்துக்கு 35 கிலோ டிஏபிக்கு மேல் தேவைப்படுவது 56 கிலோ யூரியா; ஒரு மூட்டையும் இன்னொன்றில் பத்துப் பதினோரு கிலோவும். தொழு உரம் தாராளமாக அடித்த நிலமென்றால் நான் ஒரு மூட்டையோடு நிறுத்திக்கொள்வேன். சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் அரை மூட்டை. அதைப் பக்கத்துக் கொல்லைக்காரரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பிரித்த மூட்டையிலிருந்து கடையில் நிறுத்துத் தருவதை மட்டும் வாங்காதீர்கள், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டது? டிஏபி 1,350, யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. பொட்டாஷையும் சேர்த்தால்கூட கடைக்காரர் கேட்கும் 3,000 ஆகாது.

அடுத்தது மழை. டிஏபியை விதைக்கும்போதே சாலில் விழுகிற மாதிரி போடுங்கள். மணிச்சத்து மண்ணில் நகராது, மேலாகத் தூவினால் வேருக்கு எட்டாது. யூரியாவில் கொஞ்சம் விதைப்போடு, மீதியை மழை பெய்து களை எடுத்த பிறகு, காலடியில் ஈரம் தெரிகிற நாளில். காய்ந்த மண்ணில் வீசிய யூரியா ஆவியாகிப் போகும். மழை வராவிட்டால் அந்த மீதியைப் போடவே வேண்டாம், அடுத்த பட்டத்துக்கு ஆகும். போன வருசம் பட்டதை வைத்து நீங்கள் தயங்குவது நியாயம்தான். மானாவாரியில் கையை இறுக்கிப் பிடிக்கத்தான் வேண்டும், எதில் இறுக்குவது என்பதுதான் கேள்வி. மழை பெய்த மறுநாள் ஊரே கடை வாசலில் நிற்கும், யூரியா கிடைக்காது. அதனால் அந்த ஒரு மூட்டையை முன்கூட்டியே வாங்கிப் பலகை மேல் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை மண் தரையில் வைத்துக் கல்லாகிவிட்டது. உலக்கையால் இடித்துத்தான் போட்டோம்.

கடன் விஷயம். 1,350 ரூபாய்ச் சரக்குக்கு நாலு மாதம் கழித்து 1,500 என்றால் வருசத்துக்கு நூற்றுக்கு 33 ரூபாய் வட்டி. மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதே 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தப்பு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் எடுத்து, தவணை தவறாமல் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. கடனில் ஒரு பகுதியை உரமாகவே தருவார்கள். சிட்டா, அடங்கலோடு ரெண்டு மூன்று நடை அலையவேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பாதிப் பேர் கடைக்கடனில் விழுகிறார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் மண் பரிசோதனை செய்யாத நிலத்துக்கு. வருசா வருசம் டிஏபி போட்ட மண்ணில் மணிச்சத்து தேங்கியிருக்கவும் கூடும், அப்போது இன்னும் குறைக்கலாம். கோடை உழவுக்கு முன் நிலத்தில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, அரை அடி ஆழத்துக்கு வி போலக் குழி வெட்டி, ஓரத்தை மேலிருந்து கீழாகச் சுரண்டி எடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குப்பை கிடந்த இடம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து அரை கிலோ மண்ணை நிழலில் உலர்த்தி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்தால் மண்வள அட்டை வரும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: காரிமங்கலத்தில் யூரியா கேட்டால், நானோ யூரியா பாட்டில் ஒன்று எடுத்தால்தான் மூட்டை என்கிறார்கள். எடுத்துத்தான் ஆகவேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஒன்றோடு இன்னொன்றைக் கட்டி விற்கக் கூடாது. கம்பெனிகள் தங்கள் தலையில் கட்டுகின்றன என்று கடைக்காரர்களும் புலம்புகிறார்கள், அதிலும் உண்மை உண்டு. ஆனால் அதற்கு நீங்கள் பணம் கட்ட முடியாது. கைரேகை வைத்ததும், விற்பனையைப் பதிகிற பிஓஎஸ் கருவியில் வருகிற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். இருப்பும் விலையும் எழுதிய பலகை கடையில் இருக்க வேண்டும், பாருங்கள். பலகையில் இருப்பு இருந்தும் இல்லை என்றால் அதைப் படம் எடுத்துக்கொண்டு வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எழுந்து கேட்டால் இன்னும் வேகமாக வேலை நடக்கும்.

நானோ யூரியா இலையில் தெளிப்பது. ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்பது விற்பவர்கள் சொல்வது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நெல்லிலும் கோதுமையிலும் சோதித்தபோது விளைச்சல் குறைந்தது. ஆசையிருந்தால் ஒரு பாத்தியில் மட்டும் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி வைத்திருக்கிறேன். இந்த முறை டிஏபி கறுப்பாக வந்திருக்கிறது. போலியா?

பதில்: நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, டிஏபி பல நிறத்தில் வரும். நாலைந்து மணியைச் சுண்ணாம்போடு சேர்த்து உள்ளங்கையில் தேயுங்கள். மூக்கைத் துளைக்கிற நெடி வந்தால் அமோனியா இருக்கிறது. வராவிட்டால் சந்தேகப்படலாம். ஆனால் இது வீட்டுச் சோதனைதான், சட்டத்துக்கு உதவாது. தையல் பிரிக்காத மூட்டை ஒன்றை அப்படியே வைத்துவிட்டு உர ஆய்வாளரை வரவழையுங்கள். பிரித்த மூட்டையில் எடுத்த மாதிரியைக் கடைக்காரர் எளிதில் மறுத்துவிடுவார். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. சரக்கின் விலை 5 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமல் வழக்குப் போடலாம். ரசீதும் காலி மூட்டையும் பத்திரம். அதில்தான் தயாரிப்பு எண் இருக்கிறது, தக்காளிச் செடிக்கு நிழல் கட்டக் கிழித்துவிடாதீர்கள்.