ஜப்பானில் வசிப்பவர்களே, அங்கே அன்றாட வாழ்க்கையில் நீங்கள் பார்த்த விநோதங்கள் என்ன? செய்திகளில் வருவதெல்லாம் உண்மையா?

"ரயில் 20 விநாடி முன்னால் கிளம்பியதற்கு மன்னிப்புக் கேட்டார்களாமே, நிஜமா?" ஊருக்கு வரும்போதெல்லாம் என்னிடம் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். நிஜம்தான். நான் டோக்கியோவில், இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் நிஷிகசாயில், 9 வருடமாக இருக்கிறேன். அந்த ரயிலிலிருந்தே தொடங்குகிறேன்.

2017 நவம்பர் 14. ட்சுகுபா எக்ஸ்பிரஸ் பாதையில் மினாமி நாகரேயாமா நிலையம். காலை 9 மணி 44 நிமிடம் 40 விநாடிக்குக் கிளம்ப வேண்டிய ரயில், 44 நிமிடம் 20 விநாடிக்கே கிளம்பிவிட்டது. ரயில் கார்டு, அதாவது கதவுகளைக் கவனிக்கும் ஊழியர், அட்டவணையைச் சரியாகப் பார்க்கவில்லை. பயணிகள் யாரும் புகார் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ரயில் நிறுவனம் அன்றைக்கே தன் இணையதளத்தில் மன்னிப்புக் கேட்டது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டன.

எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. மினாமி நாகரேயாமா வண்டி மாறும் நிலையம். முசாஷினோ லைனில் வந்து இறங்குகிறவர்கள் அங்கேதான் படிகளில் ஓடி வந்து இந்த ரயிலைப் பிடிப்பார்கள். தினமும் அதே பெட்டி, அதே கதவு, அதே படி என்று கணக்குப் போட்டு வருகிறவருக்கு 20 விநாடி என்பது கண்ணெதிரே கதவு மூடிக்கொள்வது. வண்டி தாமதமாக வந்தால் எல்லோரும் சேர்ந்து காத்திருப்போம். முன்னாலேயே போய்விட்டால், நேரத்துக்கு வந்தவருக்குத்தான் நஷ்டம். இங்கே வந்த பிறகு எனக்குப் புரிந்த விஷயம் இது.

ஓட்டுநர்கள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் புரியும். என் பையனுக்கு நாலு வயதாக இருந்தபோது முதல் பெட்டியில்தான் ஏறுவேன் என்று அடம்பிடிப்பான். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் கண்ணாடி இருக்கும், அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் பார்ப்பேன். வெள்ளைக் கையுறை. எதிரே பலகையில் ஒரு குழி, அதில் கைக்கடிகாரம் மாதிரி இல்லாமல் பழைய பாக்கெட் கடிகாரம் ஒன்றைப் பதித்து வைத்திருப்பார். சிக்னல் வந்ததும் கையை நீட்டி விரலால் சுட்டிக்காட்டி, "ஷுப்பாத்சு ஷின்கோ" என்று வாய்விட்டுச் சொல்வார். புறப்பாட்டு சிக்னல் விழுந்துவிட்டது, போகலாம் என்று அர்த்தம். அறையில் வேறு யாரும் இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பிளாட்ஃபாரத்தில் கார்டும் இப்படித்தான் விரலை நீட்டி, தலையைத் திருப்பி, சத்தமாகச் சொல்லிவிட்டுக் கதவை மூடுவார்.

புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இதற்கு "ஷிசா கான்கோ" என்று பெயர். கண், கை, வாய், காது நாலையும் ஒரே விஷயத்தில் நிறுத்தினால் கவனம் தப்பாது என்பதுதான் சூத்திரம். 1994-ல் ஜப்பான் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் சோதித்துப் பார்த்ததில், சும்மா செய்வதைவிடச் சுட்டிக்காட்டிச் சொல்லிச் செய்தபோது தவறுகள் சுமார் 85 சதவீதம் குறைந்தன. நான் இப்போது வீட்டைப் பூட்டும்போது காஸ் அடுப்பை நோக்கி விரலை நீட்டி "அணைச்சாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பி ஓடிய நாட்கள் போயே போய்விட்டன.

இவ்வளவு கவனமாக இருந்தும் சில சமயம் ரயிலை நிறுத்த ஒரு பூச்சி புழு போதும். 2019 மே 30 அன்று கிடாகியூஷு பகுதியில் திடீரென்று மின்சாரம் போய், ஜே.ஆர். கியூஷு என்ற ரயில் நிறுவனத்தின் 26 ரயில்கள் ரத்தாகி, ஏறக்குறைய 12,000 பேர் தவித்தார்கள். தேடிப் பார்த்தால், தண்டவாளத்தை ஒட்டியிருந்த மின்கருவிக்குள் கூடில்லாத நத்தை ஒன்று புகுந்து கருகிக் கிடந்தது. ஆமைகள் கதை வேறு. தண்டவாளம் பிரியும் இடங்களில் அவை மாட்டிக்கொண்டு செத்துப்போகும், வண்டியும் நிற்கும். ஜே.ஆர். மேற்கு நிறுவனமும் கோபேயில் அப்போது இருந்த சுமா மீன் காட்சியகமும் சேர்ந்து, தண்டவாளத்துக்கு அடியில் ஆமை நடந்து போக ஒரு கான்கிரீட் வாய்க்கால் செய்தார்கள். 2015-ல் அது செய்தியாக வந்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆமையை விரட்ட வழி தேடாமல், அது போக வழி தேடியிருக்கிறார்கள்.

சரி, எல்லாம் அழகுதானா என்றால், இல்லை. 20 விநாடிச் செய்தியைப் பகிர்கிறவர்கள் 2005 ஏப்ரல் 25-ஐயும் தெரிந்துகொள்ள வேண்டும். அமகசாகியில் ஜே.ஆர். மேற்கு ரயில் ஒன்று, மணிக்கு 70 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் 116 கிலோமீட்டர் வேகத்தில் போய்த் தடம்புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள், 562 பேருக்குக் காயம். அதற்கு முந்தைய நிலையத்தில் அவர் வண்டியைச் சரியான இடத்தில் நிறுத்தத் தவறி, பின்னால் கொண்டு வந்து நிறுத்தியதில் ஒன்றரை நிமிடம் போல் தாமதமாகியிருந்தது. அப்போதெல்லாம் தவறு செய்த ஓட்டுநர்களைத் தண்டனை மாதிரியான "மறுபயிற்சி"க்கு அனுப்புவார்கள், அங்கே அவமானப்படுத்துவார்கள். அந்த பயத்தில் அவர் கவனம் சிதறியிருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. நேரம் தவறாமை எனக்குப் பிடிக்கும். அதற்குப் பின்னால் பயம் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

இதே கோபத்தை 2018 ஜூனில் இன்னொரு செய்தி கிளப்பியது. கோபே நகராட்சிக் குடிநீர்த் துறையில் 64 வயது ஊழியர் ஒருவர், மதியச் சாப்பாடு வாங்க மூன்று நிமிடம் முன்னதாக எழுந்து போயிருக்கிறார். 7 மாதத்தில் 26 முறை. அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள், அதிகாரிகள் டிவி கேமரா முன் நின்று குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஜப்பானியர்களே பலர் கொதித்துப் போனார்கள். சிகரெட் பிடிக்க எழுந்து போகிறவர்கள் கணக்கை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஜப்பான் முழுவதும் ஒரே மனம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அந்தக் குனிதல் எல்லா நேரமும் மனதைக் கனக்க வைப்பதும் இல்லை. 2016-ல் காரிகாரி குன் என்ற குச்சி ஐஸின் விலை 25 வருடத்துக்குப் பிறகு 60 யென்னிலிருந்து 70 ஆனது. கம்பெனிப் பெரியவர்கள் முதல் தொழிலாளர்கள் வரை தொழிற்சாலை முன் வரிசையாக நின்று தலைகுனிந்தார்கள், அதையே டிவி விளம்பரமாகப் போட்டார்கள். 10 யென்தான். என் பையன் வாங்கித் தின்பதும் அதே ஐஸ்தான்.

அப்புறம், நேரில் அனுபவித்த ஒன்று. நாலு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூங்கா பெஞ்சில் ஒரு துணிப்பையை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளே மணிபர்ஸ், அதில் 31,000 யென், என் குடியிருப்பு அட்டை. கூடவே அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய சாம்பார் பொடி. இரவு ஏழு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. தெருமுனைப் போலீஸ் பூத்துக்கு ஓடினேன், இங்கே அதை "கோபான்" என்பார்கள். அங்கிருந்த இளைஞர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பை என்ன நிறம், பர்ஸ் மடிக்கும் வகையா ஜிப்பா, நோட்டு எத்தனை என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார். பிறகு ஒரு ஃபோன் பேசினார். பை பக்கத்து கோபானில் இருந்தது.

அங்கே போனதும் ஒரு தாளைக் காட்டினார்கள். பையில் இருந்த ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதியிருந்தார்கள். 10,000 யென் நோட்டு 3, 1,000 யென் நோட்டு 1. குழந்தைத் தொப்பி 1. கடைசி வரியில் "பழுப்பு நிறத் தூள், ஒரு பொட்டலம்". சாப்பாட்டுக்குப் போடும் மசாலா என்று விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அதையும் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

எடுத்துக் கொடுத்தது நடுநிலைப் பள்ளி மாணவர் என்று மட்டும் சொன்னார்கள். சட்டப்படி, கண்டெடுத்தவருக்குப் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை கேட்க உரிமை உண்டு. மூன்று மாதம் யாரும் தேடி வராவிட்டால், பர்ஸில் இருக்கும் அடையாள அட்டை மாதிரியானவை தவிர மற்றது கண்டெடுத்தவருக்கே சொந்தமாகும். அந்தப் பிள்ளை வெகுமதி வேண்டாம், பெயரும் தெரிவிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. நன்றி சொல்லக்கூட ஆள் இல்லாமல் வீட்டுக்கு நடந்து வந்தேன். இன்றும் அந்தப் பூங்காவைத் தாண்டும்போது சீருடைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பேன்.

டோக்கியோவில் மட்டும் 2019-ல் இப்படிப் போலீஸிடம் வந்து சேர்ந்த பொருட்கள் 40 லட்சத்துக்கும் மேல். கோபான்களில் சேர்வது கடைசியில் ஈதாபாஷியில் உள்ள மையத்துக்குப் போகும். அங்கே குடைகளே வருடத்துக்கு லட்சக்கணக்கில் வரும். அவற்றைத் தேடி வந்து வாங்கிப் போகிறவர்கள் 100-க்கு ஒருவர் அளவில்தான்.

இந்த ஊரில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத விஷயமும் குடைதான். 31,000 யென் திரும்பி வரும், குடை திரும்பி வராது. கடை வாசலில் தாங்கியில் செருகிவிட்டு உள்ளே போய் வந்தால் காணாமல் போயிருக்கும். எனக்கே மூன்று போயிருக்கிறது. மலிவாக எல்லாக் கடையிலும் கிடைக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடை, எல்லாம் ஒன்று போலவே இருக்கும். மழையில் அவசரமாக வெளியே வருகிறவர் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்கிறார், அவருடையதை வேறொருவர் எடுத்திருப்பார். பர்ஸில் ஒரு மனிதரின் முகமும் பெயரும் இருக்கிறது. அந்தக் குடையில் யாரும் இல்லை. அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஜூனில் இங்கே வருகிறவர்கள் குடையில் ஏதாவது அடையாளம் கட்டிக்கொள்ளுங்கள். என் குடையின் கைப்பிடியில், பள்ளிக்கூடச் சாமான்களில் பெயர் எழுதி ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றை என் பையன் ஒட்டியிருக்கிறான். தமிழில் "அப்பா" என்று எழுதியது. இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, இன்னும் அதே குடைதான்.