கணினி கேள்வி பதில்: மடலாடற்குழுவுக்கு எந்த மெயில் சர்வர்?

கேள்வி: ஐயா, பெங்களூரு ஜலஹள்ளியில் நாங்கள் நடத்தும் தமிழ் வாசகர் வட்டத்தில் 420 பேர் இருக்கிறோம். ஒருவர் எழுதினால் அனைவருக்கும் போகும்படி நாளொன்றுக்கு 30 மின்மடல்கள் வரை எழுதிக்கொள்கிறோம். இதுவரை ஓர் இலவசச் சேவையில் இருந்த குழுவைச் சொந்த சர்வருக்கு மாற்றப்போகிறோம். சென்ட்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ், எக்சிம், கியூமெயில் ஆகியவற்றில் எது நல்லது?
– வாசகர், ஜலஹள்ளி

பதில்: போஸ்ட்ஃபிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு மெயில்மேன் 3. மடலைக் கொண்டுசேர்ப்பது போஸ்ட்ஃபிக்ஸின் வேலை. யார் சேர்ந்தார், யார் விலகினார், எந்த முகவரி செத்துப்போனது என்று கணக்கு வைப்பது மெயில்மேனின் வேலை.

வீட்சே வெனெமா எழுதி 1998இல் வெளிவந்தது போஸ்ட்ஃபிக்ஸ். ஒரு மடல் எங்கே, எதனால் நின்றது என்பதை அதன் பதிவேட்டில் ஒரே வரியில் படித்துவிடலாம். இரவு பதினொரு மணிக்கு ஓர் உறுப்பினர் “எனக்கு மடல் வரவில்லை” என்று தொலைபேசியில் கேட்கும்போது அந்த ஒரு வரியின் அருமை தெரியும். எக்சிமும் திறமையானதுதான், சிபேனல் என்னும் நிர்வாக மென்பொருள் உள்ள வாடகை சர்வரில் அதுவே இருக்கும், அங்கே அதையே வைத்துக்கொள்ளுங்கள். கியூமெயிலின் கட்டமைப்பை இன்றும் மதிக்கிறேன். ஆனால் அதை எழுதியவரின் கடைசி வெளியீடு 1998இல் வந்த 1.03 பதிப்பு, இப்போது புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதைச் சொல்ல மாட்டேன். சென்ட்மெயிலை ஏற்கெனவே அறிந்தவர் உங்களிடையே இருந்தால் மட்டும் யோசியுங்கள். மெயில்மேன் 2.1 வேண்டவே வேண்டாம். அது பைத்தான் 2 என்னும் பழைய நிரல்மொழிப் பதிப்பில் ஓடுவது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது.

சர்வர் வாங்குமுன், வெளியே மடல் அனுப்பும் 25ஆம் எண் துறையை (போர்ட்) திறந்துதருவார்களா என்று கேளுங்கள். பல கிளவுட் நிறுவனங்கள் அதை அடைத்தே வைத்திருக்கின்றன. வீட்டு பிராட்பேண்டில் இதைச் செய்ய முயலாதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம். 2014இல் பெங்களூருத் தமிழர்களின் ஒரு குழுவை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஃப்ரேசர் டவுனிலிருந்து ஒரு பெரியவர் தினமும் காலையில் ஒரு குறளும் அதற்கு உரையும் எழுதுவார். அந்த ஏப்ரலில் அவருடைய இலவச மின்னஞ்சல் நிறுவனம், “எங்கள் முகவரியில் வரும் மடலின் மின்னணுக் கையொப்பம் பொருந்தாவிட்டால் ஏற்காதீர்கள்” என்று உலகுக்கு அறிவித்தது. டிமார்க் என்னும் ஏற்பாடு அது. நாங்களோ ஒவ்வொரு மடலின் தலைப்பிலும் குழுவின் பெயரைச் சேர்த்தோம், அடியில் நான்கு வரி ஒட்டினோம். மடலில் கைவைத்ததும் கையொப்பம் முறிந்தது. பெரியவரின் மடலை மற்றவர்களின் சர்வர்கள் திருப்பி அனுப்பின. மெயில்மேன் அதைப் பெறுபவரின் குற்றமாக எண்ணி ஒரு மதிப்பெண் போட்டது. நாளுக்கு ஒன்று, ஐந்து ஆனால் நிறுத்தம். ஐந்து நாள், ஐந்து குறள். ஒரு தவறும் செய்யாத பலருக்குக் குழு மடல் நின்றுபோனது. தம்மை விலக்கிவிட்டதாக எண்ணிச் சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்தைத் தீர்க்க ஒவ்வொருவர் வீட்டுக்கும் நான் தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது.

ஆகவே தலைப்பிலும் அடியிலும் எதையும் சேர்க்காதீர்கள். மெயில்மேன் தானாகவே குழு அடையாளத்தையும் விலகும் வழியையும் மடலின் முகப்புக் குறிப்புகளில் எழுதிவிடும். டிகிம் எனப்படும் அந்த மின்னணுக் கையொப்பம் பொதுவாக முறியாது. சேர்த்தே ஆக வேண்டுமென்றால், அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியைப் போடும் டிமார்க் தணிப்பு வசதியை இயக்குங்கள்.

உங்கள் கணக்கையும் பாருங்கள்: 420 பேருக்கு 30 மடல் என்றால் நாளுக்கு 12,600 பிரதிகள். அதில் ஜிமெயிலுக்கு மட்டும் 5,000க்கு மேல் போனால், 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் உங்களை மொத்த அனுப்புநராகவே நடத்தலாம். எஸ்பிஎஃப் (எந்தச் சர்வர்கள் உங்கள் பெயரில் மடல் அனுப்பலாம் என்னும் அறிவிப்பு), டிகிம், டிமார்க் மூன்றும் உங்கள் டொமைனுக்கு இருந்தாக வேண்டும். ஸ்பாம் என்று குறிக்கப்படும் மடல்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. முதல் மாதம் இருபது பேரோடு நடத்திவிட்டு மற்றவர்களை அழையுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய மடல்கள் எல்லாம் ஒன்றாக எம்பாக்ஸ் என்னும் வகைக் கோப்பாக இருக்கின்றன. சேர்க்க முடியுமா?
– அதே வாசகர்

பதில்: முடியும். மெயில்மேன் 3இன் காப்பகமான ஹைப்பர்கிட்டி எம்பாக்ஸை ஏற்கும். பழைய மடல்களில் திஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் எழுதியவை இருந்தால் திரையில் புரியாத குறிகளாகத் தெரியும். பிரதி எடுத்து அதை யூனிகோடுக்கு மாற்றிச் சேர்த்துவிட்டு, மூலக் கோப்பை இரண்டு வட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். அவற்றை எழுதிய சிலர் இன்று இல்லாமல் இருக்கலாம்.