வந்தாராம், போனாராம்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறேன். வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. எலிஃப் பாட்டுமன் பற்றி நீங்கள் எழுதிய சின்னக் குறிப்பில் அவரை ‘அமெரிக்காவுக்கும் துருக்கிக்கும் நடுவே ஒரு பாலம்’ என்று சொல்லியிருந்தீர்கள். அதை நம்பி அவருடைய ‘தி இடியட்’ நாவலை வாங்கினேன்.

நானூறு பக்கத்துக்கு மேல் போகிற புத்தகம். துருக்கி எப்போது வரும் என்று புரட்டிக்கொண்டே இருந்தேன். செலின் என்ற பெண் ஹார்வர்டில் சேர்கிறாள். ரஷ்ய மொழி படிக்கிறாள். கணிதம் படிக்கும் ஒரு ஹங்கேரிக்காரப் பையனுக்கு ஈமெயில் எழுதிக்கொண்டே இருக்கிறாள். கோடை விடுமுறையில் ஹங்கேரியில் ஒரு கிராமத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். அப்பா அம்மா துருக்கியர்கள் என்பது ஆங்காங்கே வருகிறது, கடைசியில் துருக்கி கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. அவ்வளவுதான்.

என் பெண் இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவள் இதே புத்தகத்தை இரண்டு நாளில் முடித்துவிட்டு “அம்மா, இது நான்தான்” என்றாள். எனக்கு உள்ளுக்குள் சங்கடமாகிவிட்டது. இங்கே பிறந்த பிள்ளைகள் நாளைக்கு எழுத வந்தால் நம்மைப் பற்றி எழுத ஒன்றுமே இருக்காதா? பாலம் என்றால் அக்கரை தெரிய வேண்டாமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

முதலில், ‘பாலம்’ என்று எழுதியது என் சோம்பேறித்தனம். இரண்டு நாட்டோடு தொடர்புள்ள எழுத்தாளர் என்றாலே கை தானாக அந்தச் சொல்லை எடுத்துப் போட்டுவிடுகிறது. பாலத்தின் மேல் மற்றவர்கள் போய் வருவார்கள், பாலம் எங்கேயும் போகாது. பாட்டுமன் ஓயாமல் எங்கேயாவது போய்க்கொண்டே இருக்கும் ஆள். அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் துருக்கி அந்த நாவலில் இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் அதை ஊராக, உணவாக, உறவுக்காரர்களாகத் தேடியிருக்கிறீர்கள். அது வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் அவரைப் பற்றிக் கொஞ்சம்.

1977இல் நியூயார்க்கில் பிறந்தவர், வளர்ந்தது உங்கள் நியூ ஜெர்சியில். பெற்றோர் துருக்கியிலிருந்து வந்த டாக்டர்கள். ஹார்வர்டில் இளங்கலை, ஸ்டான்ஃபோர்டில் ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்டம். எலிஃப் என்ற பெயரே எனக்குப் பிடித்த ஒரு முரண். அரபு நெடுங்கணக்கின் முதல் எழுத்து அது. 1928இல், துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் அரபு எழுத்துகளைத் தூக்கிவிட்டு லத்தீன் எழுத்துகளைக் கொண்டுவந்தார். நெடுங்கணக்கு போய்விட்டது, அதன் முதல் எழுத்து மட்டும் பெண்குழந்தைகளின் பெயராக நின்றுவிட்டது. ‘அ’ போன பிறகும் ‘அகரம்’ என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பது மாதிரி.

இந்தப் பெயரும் இந்தப் பின்னணியும் உள்ள ஒருவர் இலக்கியம் படிக்கப் போனால் துருக்கிய இலக்கியம்தான் படிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவர் ரஷ்ய இலக்கியத்துக்குப் போனார். அந்தக் கதைதான் அவருடைய முதல் புத்தகமான ‘தி பொசெஸ்ட்’ (2010). அதில் ஒரு இடம் உண்டு. சிறு வயதில் ஒரு கோடை விடுமுறைக்கு அங்காராவில் பாட்டி வீட்டில் இருக்கிறார். கையிலிருந்த ஆங்கிலப் புத்தகங்கள் தீர்ந்துவிட்டன. பாட்டி வீட்டில் பழைய பெங்குயின் பதிப்பு ‘அன்னா கரேனினா’ ஒன்று கிடைக்கிறது. இவ்வளவு தடியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுப் படிக்கிறார். துருக்கியப் பாட்டி வீட்டில், ஆங்கில மொழிபெயர்ப்பில், ரஷ்ய நாவல். பூர்வீகம் என்பது இப்படித்தான் கைக்கு வந்து சேர்கிறது. யாரோ ஒருவர் மறந்து வைத்துவிட்டுப் போன புத்தகமாக.

சரி, துருக்கி எங்கே இருக்கிறது என்றேனே.

‘தி இடியட்’டில் செலின் ஒரு துருக்கிய விகுதியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாளே, ஞாபகம் இருக்கிறதா? ‘மிஷ்’. நீங்கள் வேகமாகத் தாண்டிப் போயிருக்கலாம், ஆங்கிலத்தில் படிக்கிற பெரும்பாலோருக்கு அது வேடிக்கையான ஒரு தகவல்தான். நமக்கு அப்படி இருக்கக் கூடாது. தான் நேரில் பார்க்காத எதையும் சொல்லும்போது துருக்கியர்கள் வினையின் முடிவில் இதைப் போடுவார்கள். ‘கெல்தி’ என்றால் வந்தார், நான் பார்த்தேன். ‘கெல்மிஷ்’ என்றால் வந்தாராம். முன்னால் வரும் உயிரெழுத்தைப் பார்த்து மிஷ், முஷ் என்று அது உருமாறும்.

வந்தாராம்! எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நாம் கதை ஆரம்பிப்பதே “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்” என்றுதான். துருக்கியிலும் கதை அப்படித்தான் ஆரம்பிக்கும்: “பிர் வார்மிஷ், பிர் யோக்முஷ்.” இருந்ததாம், இல்லையாம். அதற்கப்புறம் பாட்டிகள் ஒரு நீளமான அடுக்கை எடுத்துவிடுவார்கள். ஒட்டகம் தண்டோரா போட்ட காலத்திலே, தெள்ளுப்பூச்சி முடிவெட்டிய காலத்திலே, நான் என் அம்மாவைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய காலத்திலே. பொய் சொல்லப்போகிறேன் என்பதை இவ்வளவு மரியாதையாக வேறு யாரும் அறிவித்ததில்லை.

நம்முடைய ‘ஆம்’ செய்யாத சில வேலைகளையும் இந்த ‘மிஷ்’ செய்கிறது. காலையில் எழுந்து வாசலில் ஈரம் பார்த்தால் நாம் “மழை பெய்திருக்கு” என்போம். பெய்ததைப் பார்க்கவில்லை, ஊகம். துருக்கியர்கள் அங்கேயும் ‘மிஷ்’ போடுவார்கள். ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற பிள்ளையிடம் “எவ்வளவு வளர்ந்திருக்கே!” என்று ஆச்சரியப்படுகிறோமே, அங்கேயும் அதே விகுதி. பேருந்தில் கண்ணயர்ந்து எழுந்து “தூங்கிப்போயிருக்கேன்” என்றால், அது தன்னைப் பற்றித் தானே கேள்விப்பட்ட மாதிரி. கிண்டலுக்கும் உண்டு. “அவருக்கு உடம்பு சரியில்லையாம்” என்று ஒரு மாதிரி இழுத்துச் சொன்னால் நம் ஊரில் என்ன அர்த்தமோ, அங்கேயும் அதே அர்த்தம்தான். கேள்விப்பட்டது, ஊகித்தது, வியந்தது, நம்பாதது எல்லாவற்றுக்கும் பொது, அந்த இடத்தில் நான் இல்லை என்பது.

இனி செலினை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒரு பார்ட்டியில் நிற்பாள், ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், காதலிப்பாள் (அப்படித்தான் நினைக்கிறேன்). எதிலுமே அவள் முழுதாக இருக்க மாட்டாள். தன் வாழ்க்கையையே யாரோ சொல்லக் கேட்ட மாதிரி சொல்லிக்கொண்டு போவாள். நான் காதலித்தேனாம். ஹங்கேரிக்குப் போனேனாம். அங்கே ஒரு கிராமத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேனாம். நாவல் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தாலும் அதன் வினைமுற்றுகள் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ‘மிஷ்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த விகுதியில் திகைப்பும் வேடிக்கையும் தானாகவே இருக்கின்றன என்று செலின் ரசிக்கிறாள். அதுவே ஒரு சாபம் என்றும் சொல்கிறாள். எதைச் சொன்னாலும் இது உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி கூடவே வந்து நிற்கிறது.

உங்கள் பெண் “இது நான்தான்” என்றது இதைத்தான் என்று ஊகிக்கிறேன். அவள் துருக்கியையோ ஹங்கேரியையோ அதில் பார்த்திருக்க மாட்டாள். வீட்டில் ஒரு மொழியில் கேள்விப்பட்டு, வெளியே இன்னொரு மொழியில் பதில் சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு, எல்லாமே கொஞ்சம் ‘ஆம்’ போட்டமாதிரிதான் இருக்கும். நீங்கள் சொன்ன ஊர், நீங்கள் சொன்ன தாத்தா, நீங்கள் சொன்ன மழை. அவள் அதில் எதற்கும் சாட்சி இல்லை.

அப்புறம் இந்த விகுதி பாட்டுமனை நிஜ வாழ்க்கையில் ஒரு தடவை பழிவாங்கியது. 2010இல் அவர் ‘தி நியூ யார்க்கர்’ இதழின் ஆஸ்தான எழுத்தாளரானார். 2018இல் ஜப்பானில் வாடகைக்கு உறவினர்களை அனுப்பும் தொழில் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வாடகை அப்பா, வாடகை மனைவி. எல்லோரும் மெச்சினார்கள், தேசிய இதழியல் விருதும் கிடைத்தது. பேட்டி கொடுத்தவர்களில் சிலர் தங்களைப் பற்றிச் சொன்னதே பொய் என்று பின்னால் தெரியவந்தது. 2021இல் இதழ் அந்த விருதைத் திருப்பிக் கொடுத்தது. பொய் உறவைப் பற்றிய கட்டுரையில் பொய் சாட்சிகள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு, அவர் அதைத் துருக்கியிலோ தமிழிலோ எழுதியிருந்தால் வரிக்கு வரி ஒரு ‘மிஷ்’, ஒரு ‘ஆம்’ காவலுக்கு நின்றிருக்குமே என்று தோன்றியது. விளையாட்டாகத்தான் சொல்கிறேன், ஆனால் முழுக்க விளையாட்டாக இல்லை.

அக்கரை தெரிய வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். தெரிய வேண்டும் என்றால் நாவலை விட்டுவிட்டு அவருடைய கட்டுரைகளுக்குப் போங்கள். 2010 முதல் 2013 வரை இஸ்தான்புல்லில் கோச் பல்கலைக்கழகத்தில் உறைவிட எழுத்தாளராக இருந்தார். அந்த வருடங்களை ஒட்டி எழுதியவைதான் அவர் எழுதியதிலேயே சிறந்தவை என்பது என் எண்ணம். இஸ்தான்புல்லின் காதிகோய் பகுதியில் ‘சியா’ என்ற உணவகம் நடத்தும் முசா தாதெவிரன், அனடோலியாவின் மறந்துபோன சமையல்களைத் தேடித் தேடிச் சேகரிக்கிறவர், அவரைப் பற்றி ஒன்று. மெர்சின் பக்கத்தில் மலைக் கிராமத்துப் பெண்களை வைத்து நாடகக் குழு நடத்தும் உம்மியே கோச்சாக் பற்றி ஒன்று. பெஷிக்தாஷ் கால்பந்து ரசிகர்களைப் பற்றி ஒன்று.

இவற்றில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் 2016இல் வந்த முக்காடு பற்றிய கட்டுரையைப் படியுங்கள். பாட்டுமனின் குடும்பம் அத்தாதுர்க் வழியில் வந்த மதச்சார்பற்ற குடும்பம், முக்காடு போடாத வீடு. கோபெக்லி தெபே அகழாய்வைப் பற்றி எழுதத் தென்கிழக்கில் உர்ஃபாவுக்குப் போகிறார். பதினோராயிரம் வருடத்துக்கு முந்தைய கல்தூண்கள் இருக்கும் இடம். ஊரில் தனியாக நடமாடும் பெண் என்று யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு நாள், இப்ராஹிம் நபி பிறந்ததாகச் சொல்லப்படும் குகைக்குள் போக முக்காடு போட்டுக்கொள்கிறார், வெளியே வந்த பிறகு எடுக்க மறந்துவிடுகிறார். ஊரே மாறிவிடுகிறது. வழி விடுகிறார்கள், புன்னகைக்கிறார்கள், சகோதரி போல நடத்துகிறார்கள். அவருக்கு அது பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்பதுதான் அவரைக் கலங்கடிக்கிறது. போட்டுக்கொண்டே இருந்துவிட்டால் என்ன என்ற யோசனை வரைக்கும் போகிறார். பாட்டி வீட்டுக் கொள்கையையும் தன் சௌகரியத்தையும் எதிரெதிரே வைத்து, எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், வெட்கத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பூர்வீகத்தைப் பெருமையாகவோ பாரமாகவோ எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தலையில் ஒரு கஜம் துணி ஏறியதும் தன்னிடம் எல்லோரும் நன்றாக நடந்துகொண்டது தனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அபூர்வம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ‘தி இடியட்’டின் ஹங்கேரிப் பகுதி இழுவைதான், அதில் நான் உங்கள் கட்சி. புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை வந்த நாவல் என்பதற்காக நாம் கொட்டாவியை அடக்க வேண்டியதில்லை. இருபதுகளில் எழுதி ஒதுக்கி வைத்த வரைவைப் பிற்பாடு எடுத்துத் திருத்தியதால், பல இடங்களில் டைரியின் தொய்வு அப்படியே நிற்கிறது. அடுத்த நாவலான ‘ஐதர் ஆர்’ (2022) இன்னும் புத்திசாலித்தனமானது, ஆனால் அந்த முதல் புத்தகத்தின் அசட்டுத்தனமான அழகு அதில் குறைவு. உங்களுக்கு அதில் ஆறுதலாக ஒன்று இருக்கிறது. செலின் அதில் மாணவர்களுக்கான பயணக் கையேடு ஒன்றுக்காகத் துருக்கியைச் சுற்றி வருகிறாள். அப்பா அம்மா பிறந்த நாட்டுக்கு விலை குறைந்த விடுதிகளைக் கணக்கெடுக்கப் போகிறாள்! ஊருக்குப் போகிற நம் பிள்ளைகளும் வைஃபை எங்கே கிடைக்கும் என்றுதானே முதலில் கேட்கிறார்கள்.

நம்மைப் பற்றி எழுத ஒன்றுமே இருக்காதா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேள்வியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது, கவனித்தீர்களா? பிள்ளை எழுதினால் நம் பண்டிகையை, நம் சாம்பாரை, நாம் பட்ட கஷ்டத்தை எழுத வேண்டும் என்பது. அமெரிக்கப் பதிப்பகங்களும் அதைத்தான் கேட்கின்றன. அம்மாவும் பதிப்பாளரும் ஒரே விஷயத்தைக் கேட்டால் பாவம், அந்தப் பெண் எங்கே போவாள்? பாட்டுமன் உஸ்பெக் படிக்க சமர்க்கண்டுக்குப் போனார். துருக்கிய மொழியின் உறவுக்கார மொழி அது. அழுகைக்கு மட்டும் பழைய உஸ்பெக்கில் நூறு சொற்கள் உண்டு என்று அங்கே ஆசிரியர் சொல்லிக்கொடுத்தாராம். வேண்டுமென்றேதான் ‘ஆம்’ போட்டேன். ‘தி பொசெஸ்ட்’டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. தன் மொழிக்குப் பக்கத்துத் தெரு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். நேராகவே வீட்டுக்குள் போயிருந்தால் அந்தப் பக்கங்கள் கிடைத்திருக்காது.

ஒரு சின்ன வேலை தருகிறேன். உங்கள் பெண் தமிழில் பேசும்போது, யாராவது சொன்னதைத் திருப்பிச் சொன்னால், ‘ஆம்’ போடுகிறாளா என்று கவனியுங்கள். “அப்பா லேட்டா வருவார்” என்கிறாளா, “வருவாராம்” என்கிறாளா? கேட்டுத் திருத்த வேண்டாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள், எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்.