தொழில்முறை குத்துச்சண்டை ஒத்துகளியா, நிஜமா?

விழும் அடி நிஜம். களவு நடந்தால் பெரும்பாலும் மணி அடிப்பதற்கு முன்பே, எதிராளியைப் பிடித்து வரும் இடத்தில் நடக்கும். இல்லையென்றால் கடைசியில் மூன்று ஜட்ஜுகளின் மார்க் தாளில். டிவியில் வரும் மல்யுத்தம் போல எழுதி வைத்து ஆடும் ஆட்டம் இது இல்லை.

லாஸ் வேகாஸில் சனி இரவு நடக்கும் முக்கியச் சண்டை நமக்கு ஞாயிறு காலை எட்டரை, ஒன்பதரை வாக்கில் வரும். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கம் அந்நேரம் பலரும் சர்ச்சில் இருப்பார்கள். வீடு திரும்பிய பிறகு பார்ப்பது வாட்ஸ்அப்பில் வரும் இருபது விநாடித் துண்டுதான். வயிற்றில் ஒரு குத்து விழுகிறது, வாங்கியவன் ஒன்றும் ஆகாதது போல ஓரடி பின்னால் போகிறான், அப்புறம் முழங்கால் போடுகிறான். "காசு வாங்கிட்டான்" என்ற பேச்சு இங்கேதான் கிளம்புகிறது.

அது கல்லீரல் அடி. வலப்பக்கக் கடைசி விலா எலும்புக்குக் கீழே, எதிராளியின் இடக்கை ஏறும் இடம். தாவாக்கட்டையில் பட்டால் ஆள் அப்போதே மயங்குவான். கல்லீரலில் பட்டால் நினைவு முழுக்க இருக்கும். ஒரு விநாடி கழித்துத்தான் வலி முழுசாக வரும், மூச்சு நிற்கும், கால் சொன்னபடி கேட்காது. பத்து எண்ணி முடிந்த கொஞ்ச நேரத்தில் எழுந்தும் விடுவான், அதனால் சந்தேகம் இன்னும் கூடும். வர்ம ஆசான்மார் இருக்கும் குமரி மாவட்டத்தில் இதை நம்புவது கஷ்டமாக இருக்கக் கூடாது. 2004-இல் ஹாப்கின்ஸிடம் டெ லா ஹோயா ஒன்பதாவது ரவுண்டில் விழுந்ததும், 2023 ஏப்ரலில் ஜெர்வொன்டா டேவிஸிடம் ரயன் கார்சியா ஏழாவது ரவுண்டில் முழங்கால் போட்டதும் இதே அடியில்தான்.

காசுக்கு விழுந்த சண்டைகள் இருந்ததும் உண்மை. 1947 நவம்பரில் நியூயார்க்கில் பில்லி ஃபாக்ஸிடம் ஜேக் லமோட்டா வேண்டுமென்றே தோற்றார்; 1960-இல் அமெரிக்க செனட் குழு முன் அவரே ஒப்புக்கொண்டார். பட்டத்துக்குச் சண்டை போட வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதற்காக மாஃபியா சொன்னபடி ஆடினார். விழவேண்டியவன் ஒருவனைச் சரிக்கட்டினால் போதும் என்பதால், பதினொரு பேர் ஆடும் விளையாட்டைவிட இதில் களவு சுலபம். ஆனால் இன்று பெரிய சண்டையில் ஆடுபவனுக்கு அடுத்த சண்டையின் சம்பளமே எந்தச் சூதாடியும் கொடுப்பதைவிட அதிகம். என் பயமெல்லாம் முக்கியச் சண்டைக்கு முன்னால் நடக்கும் சின்னச் சண்டைகளைப் பற்றித்தான். அங்கே சம்பளம் சொற்பம், கண்காணிப்பும் குறைவு.

அதைவிடச் சாதாரணமாக நடப்பது ஆள் பொறுக்கல். புரமோட்டர் வளர்க்கும் பையனுக்கு, அவனிடம் தோற்கக்கூடிய ஆளாகப் பார்த்து மேட்ச்மேக்கர் கொண்டுவருவார். இங்கிலாந்தில் பீட்டர் பக்லி என்பவர் 300 சண்டை போட்டு 256-இல் தோற்றார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அடிவாங்காமல் தற்காத்து, புள்ளியில் தோற்று, அடுத்த வாரத்துக்கு உடம்பைக் காப்பாற்றிக்கொள்வது அந்த வேலையின் திறமை. "20 வெற்றி, தோல்வி இல்லை" என்று போஸ்டரில் பார்த்தால், பாக்ஸர்களின் சண்டைக் கணக்கு வைத்திருக்கும் பாக்ஸ்ரெக் தளத்தில் எதிராளிகளின் பெயரைத் தட்டிப் பாருங்கள். கடைசி ஆறு சண்டையில் எத்தனை தோல்வி, எடை எவ்வளவு ஏறி இறங்கியிருக்கிறது, வயது என்ன என்று பார்த்தால் அந்த 20-இன் மதிப்பு தெரிந்துவிடும்.

ஜட்ஜு விஷயம்தான் மனதை நோகடிப்பது. ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவனுக்கு 10, மற்றவனுக்கு 9. ஒருமுறை கீழே விழுந்திருந்தால் பொதுவாக 8. பன்னிரண்டு ரவுண்டில் 115-113 என்றால் ஏழுக்கு ஐந்து, அதாவது ஒரே ஒரு ரவுண்டு மாறியிருந்தால் டிரா. இதில் வாதம் வருவது இயல்பு. 118-110 என்றால் பத்துக்கு இரண்டு. 2017-இல் கனெலோ–கொலொவ்கின் சண்டைக்கு ஒரு ஜட்ஜ் கொலொவ்கினுக்கு 115-113, இன்னொருவர் 114-114, மூன்றாமவர் கனெலோவுக்கு 118-110 போட்டார்கள். லஞ்சம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்றாவது தாளை என்னால் நியாயப்படுத்த முடியாது. நீங்களே போட்டுப் பார்க்க வேண்டுமானால் வர்ணனையை மியூட் செய்யுங்கள். ரவுண்டு முடிந்த ஒரு நிமிட இடைவெளியிலேயே எண்ணை எழுதுங்கள், பிறகு திருத்தாதீர்கள். கை முட்டில் பட்டதையும் கிளவுஸில் தடுத்ததையும் எண்ணாதீர்கள். கூட்டத்தின் கூச்சல் அவற்றுக்கும் எழும். ஹைலைட்ஸ் பார்த்து மார்க் போடவே கூடாது.

கையில் துணிக்கட்டுப் போட்டு கிளவுஸ் மாட்டும் அறையிலும் களவு நடந்திருக்கிறது. உடல் எடை 147 பவுண்டு வரை 8 அவுன்ஸ் கிளவுஸ், அதற்கு மேல் 10 அவுன்ஸ் என்பது வழக்கம். 1983-இல் லூயிஸ் ரெஸ்டோவின் கிளவுஸிலிருந்து பஞ்சை உருவிவிட்டு பில்லி காலின்ஸை அடிக்க விட்டார்கள். சண்டை முடிந்து கைகொடுத்தபோது காலின்ஸின் அப்பாதான் கிளவுஸ் மெலிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். ரெஸ்டோவும் பயிற்சியாளரும் சிறைக்குப் போனார்கள். எதிர்த்தரப்பு ஆள் பக்கத்தில் நின்று பார்க்க, கட்டி முடித்த கையில் அதிகாரி கையெழுத்துப் போடுவது இதற்காகத்தான்.

நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ "புரோ ஃபைட் நைட்" என்று டிக்கெட் விற்றால், முந்தின நாள் எடை போட்டு இருவர் எடையையும் அறிவித்தார்களா, ரிங் ஓரம் டாக்டரும் வாசலில் ஆம்புலன்ஸும் உண்டா, ஜட்ஜுகளின் தாளை முடிவோடு வாசிப்பார்களா என்று கேளுங்கள். எடையே சொல்லாமல் இரண்டு பேரை ஏற்றினால் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பையனையும் அந்த ரிங்கில் ஏறவிடாதீர்கள்.